ஒருவர் படிக்க, ஒருவர் கேட்க

பழனி பஞ்சாமிர்தத்திலும் பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் மணக்கின்ற ஏலக்காயைப் பற்றிப் பேசினால், போடிநாயக்கனூரைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. தேனி மாவட்டத்தின் மேற்கே, மலையின் காலடியில் அமைந்த ஊர் அது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஏல மலைகள். தோட்டம் மேலே, வீடும் வியாபாரமும் கீழே என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் குடும்பங்கள் இங்கே பல. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையமும் இவ்வூரில் இருக்கிறது.

ஏலச் செடியின் காய்கள், செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பவை. ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைந்த காயும் இருக்கும். ஆகவே காய் எடுப்பவர்கள் விளைந்ததை மட்டும் பார்த்துக் கிள்ளி எடுத்து, மற்றவற்றை விட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போவார்கள். முப்பது, நாற்பது நாட்கள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வருவார்கள். அப்பொழுது சென்ற முறை பிஞ்சாக இருந்தது விளைந்திருக்கும். இவ்வாறு ஒரு பருவத்தில் ஐந்தாறு சுற்றுகள் நடைபெறும். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் உருவி எடுப்பவர் நல்ல தோட்டக்காரர் ஆகமாட்டார்.

முதுமையில் பக்தி நூல்களைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்களைப் பார்த்து, "எத்தனை முறைதான் அதையே படிப்பீர்கள்?" என்று இளையவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குரிய விடை ஏலச் சரத்தில் இருக்கிறது. இருபது வயதில் சுந்தர காண்டத்தைப் படித்தவருக்கு அனுமன் கடலைத் தாண்டிய வீரம் விளைந்த காயாகக் கைக்குக் கிடைக்கும். ஐம்பது வயதில் அதே காண்டத்தைப் படிக்கும்பொழுது, அசோக வனத்தில் நாட்களை எண்ணிக் கொண்டிருந்த பிராட்டியின் துயரம் விளங்கும். எழுபதைத் தாண்டிய பின், நம்பிக்கை இழந்தவளிடம் நல்ல செய்தியை எவ்வளவு மெல்லச் சொல்ல வேண்டும் என்று அனுமன் மரத்தின் மேல் அமர்ந்து யோசித்த அந்தச் சில நொடிகளே பெரிதாகத் தோன்றும். நூல் அதுவேதான். படிப்பவர்தான் ஒவ்வொரு சுற்றிலும் வேறொருவராக வருகிறார்.

வீட்டில் இருந்த வாசிப்பு

போடியிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் கலந்து வாழ்கின்றன, மலைமேல் மலையாளம். எந்த மொழி பேசும் வீடானாலும், மூத்த தலைமுறையினரின் அலமாரியைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று வகை நூல்களைக் காணலாம்.

முதலாவது, பாராயண நூல்கள். விஷ்ணு சகஸ்ரநாமம், கந்தர் சஷ்டி கவசம், அபிராமி அந்தாதி, திருப்பாவை, திருவெம்பாவை முதலியவை. அளவில் சிறியவை, ஓரங்கள் மஞ்சளும் குங்குமமும் பட்டுச் சிவந்தவை. இவற்றைப் பார்த்துப் படிக்க வேண்டியதே இல்லை. ஆயினும் புத்தகம் கையில் இருந்தால்தான் மனம் நிற்கும்.

இரண்டாவது, சரித நூல்கள். இராமாயணம், மகாபாரதம், பாகவதம், பெரியபுராணம், திருவிளையாடற் புராணம், பக்த விஜயம் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றைச் செய்யுளாகப் படிக்க இயலாதவர்களுக்கு உரைநடையில் அளித்த பெருமக்களுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசன நூலாக எழுதி 1852ஆம் ஆண்டு வெளியிட்டார். புலவர்களின் உதவியின்றி ஒரு குடும்பத்தலைவியும் அறுபத்து மூவர் வரலாற்றைப் படித்தறிய அந்நூல் வழிகோலியது. 1923இல் கோரக்பூரில் தொடங்கப்பெற்ற கீதா பிரஸ், பிற்காலத்தில் தமிழிலும் குறைந்த விலையில் நூல்களை வெளியிட்டு இவ்வழியை மேலும் அகலமாக்கியது.

மூன்றாவது, தத்துவ நூல்கள். கீதை உரை, திருமந்திர உரை, கைவல்ய நவநீதம், விவேகசூடாமணி முதலியன. இவை பெரும்பாலும் பணி ஓய்வுக்குப் பின் வாங்கப்படுபவை. முதல் ஐம்பது பக்கங்களில் பென்சில் கோடுகள் இருக்கும். அதற்குப் பின் பக்கங்கள் புதிதாகவே இருக்கும். இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இவை தனியாகப் படிப்பதற்குக் கடினமான நூல்கள்.

இந்த மூவகை நூல்களுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. இவற்றுள் எதுவும் ஒருவர் மூலையில் அமர்ந்து, வாய் திறவாமல், கண்ணால் மட்டும் மேய்ந்து முடிப்பதற்காகத் தோன்றிய நூல் அன்று. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றியமர்ந்து கேட்பதற்காகத் தோன்றியவை. விளக்கேற்றிய பின் கூடத்தில் சிக்குப் பலகையை விரித்து, அதன்மேல் நூலை வைத்து, எழுத்தறிந்த ஒருவர் படிப்பார். எழுத்தறியாத பாட்டி கேட்டுக்கொண்டே திரி திரிப்பார், பூத் தொடுப்பார். அடுத்த வரியை அவரே சொல்லிவிடுவதும் உண்டு. படித்தவருக்குக் கண் பயன்பட்டது. கேட்டவருக்குக் காது பயன்பட்டது. பயன் இருவருக்கும் ஒன்றே.

அரசனுக்கு வேறொரு நூல்

பெரியபுராணம் தோன்றிய வரலாறே ஒருவருடைய வாசிப்புப் பழக்கத்தில் தொடங்குகிறது. உமாபதி சிவாசாரியார் அருளியதாக வழங்கும் சேக்கிழார் புராணம் அதைக் கூறுகிறது. அநபாய சோழன் சீவக சிந்தாமணியைப் பெருவிருப்போடு படித்தும் கேட்டும் மகிழ்ந்து வந்தான். அமைச்சராகிய குன்றத்தூர்ச் சேக்கிழார் அதைக் கண்டார். அரசனுடைய நூலைப் பறித்து எறியவில்லை. படிக்காதே என்று தடை செய்யவுமில்லை. இம்மைக்கும் மறுமைக்கும் துணை செய்யும் சிவனடியார் வரலாறுகள் உள்ளனவே என்று எடுத்துச் சொன்னார். அரசனுக்கு ஆவல் பிறந்தது. அந்த அடியார்கள் யாவர், அவர்கள் செய்த தொண்டு என்ன என்று கேட்டான். சேக்கிழார் சொல்லச் சொல்ல, அவற்றை விரிவான காப்பியமாகவே பாடித்தர வேண்டினான்.

சேக்கிழார் தில்லைக்குச் சென்றார். கூத்தப்பெருமானே முதற்சொல்லை எடுத்துக் கொடுக்க, நூல் நிறைவெய்தியது. ஆயிரங்கால் மண்டபத்தில் நடந்த அரங்கேற்றம், சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றதாகச் சேக்கிழார் புராணம் கூறும். ஓராண்டு முழுவதும் ஒருவர் சொல்ல, ஊரே கேட்டது. நிறைவுநாளில் அந்நூலை யானையின்மீது ஏற்றி, அரசனே சேக்கிழாருக்குப் பின்னிருந்து கவரி வீசி உலா வந்தான்.

பேரப்பிள்ளைகள் வேறு எதையோ படிக்கிறார்கள், எப்பொழுதும் கைப்பேசியையே பார்க்கிறார்கள் என்று வருந்தும் பெரியோர்கள் சேக்கிழார் செய்ததை எண்ணிப் பார்க்கலாம். அவர் சுவையைக் குறை கூறவில்லை. அதைவிடச் சுவையானதைச் சொல்லிக் காட்டினார்.

மதுரையில் ஒரு சிறுவன்

போடியிலிருந்து ரயிலில் சென்றால் ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் மதுரை. மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்துக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு இன்று ரமண மந்திரமாக விளங்குகிறது. திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவன், தந்தையை இழந்தபின் சிற்றப்பாவின் ஆதரவில் வாழ்ந்த வீடு அது.

வேங்கடராமனுக்குப் பள்ளிப்பாடத்தில் பெரிய நாட்டம் இருந்ததில்லை. நினைவாற்றல் நன்றாக இருந்தது. விளையாட்டில்தான் மனம் ஓடியது. ஒரு நாள், சிற்றப்பா எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்த பெரியபுராணம் அவன் கண்ணில் பட்டது. எடுத்துப் படித்தான். நாயன்மார்களின் அன்பும் துணிவும் அவனை வியப்பில் ஆழ்த்தின. இப்படியும் மனிதர்கள் வாழ்ந்தார்களா என்ற பூரிப்பும், தனக்கும் அத்தகைய அன்பு வாய்க்காதா என்ற ஏக்கமும் பிறந்தன. சமய நூல் என்று அவன் ஆர்வத்தோடு தானாகப் படித்த முதல் நூல் அதுவே.

1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அந்த வீட்டின் மாடியறையில் அவனுக்கு மரண அனுபவம் ஏற்பட்டது. அதற்குப் பின் நாள்தோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று, அறுபத்து மூவர் திருவுருவங்களின் முன் கண்ணீர் மல்க நிற்கத் தொடங்கினான். அவர்களுடைய பக்தி தனக்கும் வேண்டும் என்பதே வேண்டுதல். நூலில் படித்தவர்களைக் கோயிலில் நேரே சந்தித்தான் என்று சொல்லலாம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், பள்ளியில் தண்டனையாக விதிக்கப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருந்தான். ஆங்கில இலக்கண நூலின் ஒரு பாடத்தை மூன்று முறை பார்த்தெழுத வேண்டும். இரண்டு முறை எழுதினான். மூன்றாம் முறை எழுதக் கை வரவில்லை. தாள்களை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தான். கவனித்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படிப்பட்டவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்னும் பொருள்படக் கடிந்துகொண்டார். அந்தச் சொல்லே வழியனுப்புச் சொல்லாயிற்று. அன்றே வீட்டைவிட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தான். உலகம் அவரைப் பகவான் ரமண மகரிஷி என்று அறிந்தது.

பார்த்தெழுதிய பாடம் கையோடு நின்றது. இரவல் நூலில் படித்த அடியார் கதை உயிரில் கலந்தது. அந்த நூல் அந்த வீட்டுக்குச் சொந்தமானதுகூட அன்று. யாரோ ஒருவர் தம் அலமாரியைத் திறந்து இரவல் கொடுத்ததால் அது அந்தச் சிறுவனின் கைக்கு வந்தது.

பழனிசாமிக்காகப் படித்தவர்

ரமணரின் வாழ்வில் அடுத்து நிகழ்ந்தது, ஏல மலைச் சரிவில் தமிழும் மலையாளமும் கலந்து வாழும் மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. திருவண்ணாமலையில் குருமூர்த்தத்தில் மௌனமாக அமர்ந்திருந்த இளந்துறவிக்குத் தொண்டு செய்ய 1897இல் ஒருவர் வந்து சேர்ந்தார். பழனிசாமி என்பது அவர் பெயர், மலையாளி. எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் அவரிடம் இருந்தது. படிக்கத் தெரிந்த மலையாளி எவரும் அந்நூலைப் படிக்காமல் இருப்பதில்லை. பழனிசாமிக்கு நன்றாகப் படிக்க வராது; ஆயினும் எழுத்துக்கூட்டித் தட்டுத்தடுமாறிப் படிப்பார். மௌனத்தில் இருந்தவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் அந்நூலையே கையில் வாங்கி, எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகி மலையாளம் கற்றார்.

பழனிசாமிக்கு வேதாந்தம் கற்கும் ஆவல் மிகுதி. ஊருக்குள் சென்று தமிழ் நூல்களை இரவல் வாங்கி வருவார். தமிழறிவு குறைவாதலால் ஒவ்வொரு வரியோடும் போராடுவார். அந்தப் பாட்டைக் கண்ட சுவாமி, நூலைத் தாம் வாங்கிப் படித்து, அதன் சாரத்தை எளிமையாக எடுத்துரைத்தார். அடுத்தடுத்து நூல்கள் வந்தன. அடுத்தடுத்துச் சாரம் கிடைத்தது. பின்னாளில் விவேகசூடாமணியை ரமணர் தமிழ் உரைநடையில் எழுதியதும் நிகழ்ந்தது.

இங்கே நின்று ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். ரமணருக்கு அந்நூல்கள் தேவைப்படவில்லை. அவற்றில் கூறப்பட்ட நிலை தம் அனுபவமாகவே இருந்ததைப் படித்தபோது கண்டுகொண்டார். அறிந்துகொள்வதற்காக அவர் படிக்கவில்லை; பழனிசாமியால் படிக்க முடியவில்லை என்பதற்காகப் படித்தார். தம்மருகே ஒருவர் எழுத்தோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. இந்த வரலாற்றில் தொண்டர் யார், தொண்டு பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மூடிய அலமாரி

இன்று போடியில் மட்டுமன்றித் தமிழகத்தின் பல ஊர்களிலும் ஒரே காட்சியைக் காணலாம். பெரிய வீடு, அதில் இரண்டு பேர், அல்லது ஒருவர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கிறார்கள். 1928இல் தொடங்கிய மதுரை - போடி ரயில் பாதை, அகலப் பாதையாக மாற்றும் பணிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயிலின்றிக் கிடந்து, 2023 ஜூன் மாதத்தில் மீண்டும் உயிர் பெற்றது. சென்னைக்கே நேரடி ரயில் வந்துவிட்டது. பண்டிகைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். பண்டிகை முடிந்ததும் அதே ரயிலில் திரும்புகிறார்கள்.

வீட்டில் எஞ்சியிருப்பவரின் கண்ணில் கண்புரை படர்ந்திருக்கிறது. எழுத்துகள் எறும்புகளாக ஊர்கின்றன. முதலில் தத்துவ நூலை மூடி வைக்கிறார். பிறகு புராணத்தை. கடைசியில் கையடக்கமான சகஸ்ரநாமப் புத்தகம் மட்டும் பூஜை அறையில் மிஞ்சுகிறது. "இனி என்னால் படிக்க முடியாது" என்று ஒரு நாள் சொல்லிவிடுகிறார். அலமாரிக் கதவு சாத்தப்படுகிறது. சரஸ்வதி பூஜையன்று அது திறக்கும். நூல்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குவார்கள். மறுநாள் விஜயதசமியன்று, பூஜையில் வைத்த நூலை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி எத்தனை இல்லங்களில் நிறைவேறுகிறது என்று அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

மூடிய அலமாரிக்குள் அடைபடுவது காகிதம் மட்டுமன்று. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும், எந்த வரியில் தாத்தாவின் குரல் தழுதழுக்கும் என்பவை எந்த நூலிலும் அச்சிடப்படவில்லை. அவை காதின் வழியே காதுக்கு வந்தவை. ஒரு தலைமுறை வாய் மூடினால், அடுத்த தலைமுறைக்கு நூல் கிடைக்கும், குரல் கிடைக்காது. அடியார் வரலாறுகளைச் சொல்லும்போது ரமண பகவானுக்கே நாத் தழுதழுத்து, மேலே சொல்ல இயலாமல் நிறுத்திவிடுவார் என்று உடனிருந்தோர் குறித்திருக்கிறார்கள். அதைக் கேட்டவர்களுக்கு, அந்த மௌனமும் கதையின் ஒரு பகுதி.

கேட்பதே முதல் பக்தி

கண் மங்கியவர் மனம் தளர வேண்டியதில்லை. ஸ்ரீமத் பாகவதத்தில் பிரகலாதன் ஒன்பது வகை பக்தியைக் கூறும்பொழுது முதலில் வைத்தது சிரவணம், அதாவது கேட்டல். அதற்கடுத்தது கீர்த்தனம், அதாவது வாயால் பாடுதலும் சொல்லுதலும். கண்ணால் படித்தல் என்று அந்தப் பட்டியலில் தனியாக ஒன்று இல்லை. காதும் வாயும் இருக்கும்வரை முதல் இரண்டு வாயில்களும் திறந்தே இருக்கின்றன.

பாகவதமே அவ்வாறு தோன்றியதுதான். ஏழு நாளில் மரணம் என்று அறிந்த பரீட்சித்து மன்னன் கங்கைக் கரையில் உண்ணாநோன்போடு அமர்ந்தான். சுகப்பிரம்ம முனிவர் வந்தார். பன்னிரண்டு ஸ்கந்தங்களாக, பதினெட்டாயிரம் சுலோகங்கள் கொண்டதாகப் போற்றப்படும் அம்மாபெரும் நூலை அவர் சொல்ல, மன்னன் கேட்டான். வாழ்வின் இறுதி வாரத்தில் அவன் கையில் ஏடு இல்லை. அருகில் சொல்ல ஒருவர் இருந்தார். கேட்க இவனுக்கு மனம் இருந்தது. அது போதுமானதாயிற்று.

திருவாசகத்தைப் பற்றிய மரபும் இதையே காட்டும். மணிவாசகர் பாடச் சொல்லி, தில்லைப் பெருமானே அந்தணர் வடிவில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். 51 பகுதிகளைக் கொண்ட அந்நூலின் முதல் கேட்பாளர் இறைவன். இன்று சிவாலயங்கள் பலவற்றில் அன்பர்கள் கூடித் திருவாசக முற்றோதல் செய்கிறார்கள். அங்கே சென்று அமர்ந்திருக்கும் கண்பார்வை குறைந்த மூதாட்டி, புத்தகம் வைத்திருப்பவரைவிட எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர்.

மலைமேல் மலையாளக் குடும்பங்கள் கர்க்கடக மாதத்தை ராமாயண மாதமாகக் கொண்டாடுகின்றன. நமக்கு அது ஆடி மாதம். வெளியே தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்க, விளக்கின் முன் எழுத்தச்சனின் ராமாயணத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்து மாத இறுதியில் நிறைவு செய்வது அவர்கள் மரபு. அந்தக் காப்பியமே ஒரு கிளி கதை சொல்வதாக அமைந்தது. அங்கும் ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்கிறார்.

செய்யத்தக்கவை

இவ்வாசிப்பைத் தொடர விரும்பும் பெரியோர்க்குச் சில எளிய வழிகள் உண்டு.

கண்ணை முதலில் கவனிக்க வேண்டும். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுதல் கூடாது. கண்புரை அறுவை சிகிச்சையால் நீங்கக்கூடியது. டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர் அவர். இன்று தேனியிலும் அம்மருத்துவமனை இயங்குகிறது. ஓய்வுக்குப் பின் ஒருவர் தொடங்கிய பணி, எண்ணற்றவர்களுக்கு நூலை மீண்டும் கையில் எடுக்க வழி செய்திருக்கிறது.

அளவைக் குறைத்து, நாளைத் தவறவிடாமல் படிக்க வேண்டும். நாராயண பட்டத்திரி குருவாயூரில் வாத நோயோடு அமர்ந்து, நாளுக்கு ஒரு தசகமாக நூறு தசகங்களைப் பாடி நாராயணீயத்தை நிறைவு செய்தார் என்பது மரபு. எழுதியவருக்கே நாளுக்கு ஒரு தசகம் போதுமாக இருந்தது. படிப்பவருக்கு அதற்கு மேல் எதற்கு? வால்மீகியின் சுந்தர காண்டத்தில் 68 சர்க்கங்கள். நாளுக்கு ஒன்று என்றால் பத்து வாரத்துக்குள் நிறைவுறும்.

பேரப்பிள்ளைகளிடம் "நல்ல புத்தகம் படி" என்று அறிவுரை கூறுவதைவிட, "எனக்குக் கண் தெரியவில்லை, பத்து நிமிடம் படித்துக் காட்டு கண்ணே" என்று கேட்பது பலன் தரும். எதிரே இருந்தால் நேரில். வெளியூரில் இருந்தால் தொலைபேசியில். குழந்தை தட்டுத்தடுமாறிப் படிக்கட்டும். பழனிசாமியும் அப்படித்தான் படித்தார். தவறு வரும் இடத்தில் மெல்லத் திருத்தலாம். பெரியபுராணத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடியார் என்று வைத்துக்கொண்டால், தொகையடியார் ஒன்பதின்மரையும் சேர்த்து எழுபத்திரண்டு நாட்கள். அதற்குள் குழந்தையின் தமிழும் திருந்தும். முதியவரின் மாலைப் பொழுதும் தனிமை நீங்கும்.

கண் தெளிவாக உள்ளவர், கண் மங்கிய அண்டை வீட்டாரிடம் வாரம் ஒரு நாள் சென்று படிக்கலாம். கோயில் மண்டபத்தில் பிரதோஷ பூஜைக்கு முன்னரோ, ஏகாதசியன்றோ நால்வர் கூடினாலும் போதும். படிக்கும் ஒருவரும் கேட்கும் ஒருவரும் இருந்தால் அது சபை.

கடைசியாக, படித்து முடித்த நூல்களையும், வீட்டில் இனி யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த நூல்களையும் அலமாரியில் அடைத்து வைக்க வேண்டாம். ஞானசம்பந்தர் அவதரித்த சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் தந்தை என்று நாடு போற்றும் அவர், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்னும் கருத்துகளை நிலைநாட்டினார். அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியிலேயே நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்ற நடமாடும் நூலகம் தொடங்கியது. வண்டி கட்டிக்கொண்டு நூல் வாசகரைத் தேடிப் போன நாடு இது. கோயில் நூலகத்துக்கோ, ஊர்ப்புற நூலகத்துக்கோ, ஆர்வமுள்ள ஒரு மாணவனுக்கோ நூலைக் கொடுப்பது வித்யா தானம். மதுரையில் பெரியபுராணத்தை இரவல் கொடுத்த அந்தப் புண்ணியவானுக்கு, தாம் யாருக்குக் கொடுத்தோம் என்று தெரிந்திருக்க வழியில்லை.

உலர்ந்தபின் மணப்பது

எடுத்த பச்சை ஏலக்காயை அப்படியே வைத்திருக்க முடியாது. மலைமேல் ஸ்டோர் என்று வழங்கும் உலர்த்தும் கூடத்துக்குக் கொண்டுபோய், பசுமை குன்றாதபடி நிதானமான வெப்பத்தில் உலர்த்துவார்கள். நாலைந்து கிலோ பச்சைக் காய், உலர்ந்தபின் ஒரு கிலோவாகக் குறைந்துவிடும். எடை போகிறது, மணம் நிற்கிறது.

வாழ்நாளில் படித்த நூல்களும் இவ்வாறே. படித்தவற்றில் பெரும்பகுதி மறந்துபோகும். கதைகளின் கிளைகள், பெயர்கள், உரையாசிரியர் தந்த விளக்கங்கள் எல்லாம் உதிரும். எஞ்சுவது சிறிது. ஆனால் அந்தச் சிறிதை ஒரு குழந்தையின் காதில் போட்டுவிட்டால், அது அங்கே மீண்டும் முளைக்கும்.

இன்று மாலை விளக்கேற்றிய பின், அலமாரியைத் திறந்து, துணி கொண்டு துடைத்து, ஒரு நூலை வெளியே எடுங்கள். கண் தெரிந்தால் உரக்கப் படியுங்கள். கேட்க ஒருவரை அழையுங்கள். கண் தெரியாவிட்டால் படிக்க ஒருவரை அழைத்துக் கேளுங்கள். சேக்கிழாருக்கு முதற்சொல்லை எடுத்துக் கொடுத்த பெருமான், நமக்கு முதல் பக்கத்தைத் திறந்து கொடுப்பான்.